கடுகுத் தலையணையும் சிவப்பு நூலும்

என் மூத்த பிள்ளையை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஒன்றரை நாள் வலி. கடைசியில் டாக்டரம்மா இடுக்கியைக் கொண்டுவரச் சொன்னபோது எனக்குப் பாதி நினைவு போய்விட்டது. மறுபடி கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு சிவந்த முகம் இருந்தது. இடது பொட்டில் தொடங்கிக் கன்னத்தின் மேடுவரை, ஒரு சின்னக் கொத்தவரங்காயை வளைத்து ஒட்டியது போல ஒரு வடு. நாள் ஆக ஆகப் போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள். நான் நம்பவில்லை. யார் எது சொன்னாலும் சட்டென்று நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு ஒரு அறையும் சமையல் உள்ளும் இருந்தன. அம்மா உயிரோடு இல்லாததால் பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போகவில்லை. கட்டிடத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள். ஒரு வீட்டு ரசத்தில் பெருங்காயம் குறைந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அங்கே ஒரு கடமை. அந்தக் கடமைக்குத் தலைமை வகித்தவள் தரைத்தளத்து மாமி. குழந்தையின் நிறம், மூக்கு, காது எல்லாவற்றையும் ஒரு பார்வையில் அளந்துவிட்டு, படி இறங்கி வீடு போய்ச் சேருவதற்குள் நாலு வாசலில் நின்று சொல்லிவிடுவாள்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மாமியின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பாயில் மல்லாந்து கிடந்த பிள்ளையின் முகத்தை இடப்பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி, ஒரு சுருட்டின துண்டை முட்டுக் கொடுத்தேன். வடு அடியில் போய்விட்டது. மேலே தெரிந்தது பழுதில்லாத வலது கன்னம். மாமி பார்த்து, மூக்கு அப்பா மூக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அன்று தொடங்கியதுதான். அடுத்து யார் வந்தாலும் அதே முட்டு. அப்புறம் யார் வரக்கூடும் என்று தோன்றினாலும் அதே முட்டு. பம்பாயில் கதவைச் சாத்தி வைத்துக்கொள்கிற வழக்கம் எங்கள் மாடியில் இல்லை. பால்காரன் வருவான், எதிர்வீட்டுக் குஜராத்திப் பெண் கறிவேப்பிலைக்கு வருவாள். எதற்கு வம்பு என்று பிள்ளையை எப்போதும் இடப்பக்கமாகவே கிடத்தினேன். தூளி கட்டியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ, கான்கிரீட் கூரையில் கொக்கி கிடையாது. கொஞ்ச நாளில் துண்டே தேவைப்படவில்லை. படுக்க வைத்ததும் அவனாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். புத்திசாலிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் என் கால்களை நீட்டி அவனை அதில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சீயக்காய் தேய்க்கப் பின்னந்தலையைக் கையில் ஏந்தினால், ஒரு பக்கம் உருண்டையாக இருக்கிறது, இன்னொரு பக்கம் பலகை. மறுபடி தடவினேன். இடது பக்கம் அப்படியே சப்பை. நேராகப் பிடித்துப் பார்த்தால் இடது காது வலது காதைவிட ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது. கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. பிள்ளை பயந்து அழுதான், நானும் சேர்ந்து அழுதேன். இனி இவன் ஆயுசு முழுக்க இந்தக் கோணல் தலையைச் சுமக்கப் போகிறானே என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு நினைப்பில்லை.

என் கணவரிடம் ஆயுதத்தால் வந்த கோளாறு என்று சொன்னேன். பாதி நானும் அப்படித்தான் நம்பினேன். மீதிப் பாதியைப் பார்க்க நான் தயாராக இல்லை. முடி வளர்ந்தால் மறைந்துவிடும் என்று அவர் சமாதானம் சொன்னார். எதிர்வீட்டுக் குஜராத்திப் பெண்தான் வழி சொன்னாள். அவர்கள் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்குக் கடுகு நிரப்பிய தலையணைதான் வைப்பார்களாம். இலவம்பஞ்சு போல ஒரேயடியாக அமுங்காது, தரை போலக் கெட்டியாகவும் இருக்காது, தலைக்குத் தகுந்த மாதிரி கடுகு ஒதுங்கிக் கொடுத்துத் தாங்குமாம். இவ்வளவு நாள் எனக்குத் தெரிந்து கடுகின் வேலை வாணலியில் வெடிப்பது ஒன்றுதான்.

அதைக் கேட்டதும் என் கணவருக்கு ஒரு நினைவு வந்தது. அவர் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் டைப்படிக்கும் குமாஸ்தா. மாட்டுங்காவில் அதை அப்படியே சொல்ல முடியுமா? யாராவது எங்கே வேலை என்று கேட்டால் நான் "எக்ஸ்போர்ட்" என்பேன். சாயங்காலம் வந்ததும் குளிக்காமல் அவர் எதையும் தொடக் கூடாது. மறைப்பதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கிடங்கின் மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். அவருடைய மனைவி அந்தச் சந்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் கடுகுத் தலையணை தைத்துக் கொடுப்பாளாம். சந்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டு முனிசிபாலிட்டிக்கு மனு அடித்துக் கொடுத்தவர் என் கணவர் என்பதால் அவள் மறுக்க மாட்டாள் என்றார். அவளை அங்கே முஸ்லிம், இந்து எல்லாரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

லாத்தாவிடமிருந்து மறுநாளே தகவல் வந்தது. தலையணைக்குப் புதுத் துணி ஆகாது. தாய் உடுத்திய நூல் சேலை ஒன்று வேண்டும். இதை நான் உடனே ஒப்புக்கொண்டேன். பிள்ளைக்கு முதலில் பழந்துணிதான் என்பது எங்கள் பழக்கமும்தான். இருந்ததில் மெத்தென்ற நீலச் சேலையை எடுத்தேன். ஆனால் உடுத்தின சேலையை அப்படியே ஒருவர் வீட்டுக்கு அனுப்புவதாவது, துவைக்காதது தீட்டு மாதிரி விழுப்பு இல்லையா? சோப்புப் போட்டு இரண்டு தரம் துவைத்தேன். நன்றாக அலசினேன். கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் மடிப்புக் கலையாமல் தேய்த்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். அந்தச் சந்தில் இப்படி ஒரு சேலையை யாரும் கண்டிருக்க மாட்டார்கள் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சேலை அன்று சாயங்காலமே திரும்பி வந்தது. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். லாத்தா அதை மோந்து பார்த்தாளாம். தாயின் சேலையைக் கேட்டால் சலவைக் கடையை அனுப்பியிருக்கிறார்களே என்றாளாம். பிள்ளைக்கு வேண்டியது தாயின் வாசனை, கஞ்சியின் வாசனை இல்லை. ஒரு நாள் முழுக்க உடுத்தி, பால் கொடுத்து, அப்படியே அவிழ்த்த சேலையாக இருக்க வேண்டும். அதோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும், தலையைப் பார்க்காமல் தலையணை தைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் பிள்ளையின் தலையை நினைத்தால் வீம்பு நிற்கவில்லை. அதே நீலச் சேலையை ஒரு நாள் முழுக்க உடுத்தி அவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை அரை நாள். சயான் வரை பஸ்ஸில் போய், ரயில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே நடந்தோம். உப்புப் போட்ட தோலின் வாடை முதலில் மூக்கில் ஏறியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிள்ளையை இடது கன்னம் என் தோளில் படியும்படி சாத்தி, காதுவரை இழுத்துக் கம்பளித் தொப்பி மாட்டியிருந்தேன். அந்த வெயிலில் கம்பளித் தொப்பி. எதிரே வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வடுவுக்காகப் பார்க்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

லாத்தாவின் வீடு தகரக் கூரை போட்ட ஒரே அறை. பெரிய உடம்புக்காரியாக ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். அவளோ ஒல்லி. முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு சுற்றி, ஒரு முனையைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தாள். அறையில் அவளைத் தவிர ஆறு கைக்குழந்தைகள் வரிசையாகப் பாயில் கிடந்தன. சந்தில் இருந்த தாய்மார் கிடங்குகளில் வேலைக்குப் போகிறவர்கள். மயிர் பிரிக்கவும் தோல் உலர்த்தவும் போகும்போது குழந்தைகளை இவளிடம் விட்டுப் போவார்கள். ஆறு தலைக்கு அடியிலும் ஆறு சின்னத் தலையணை. ஒன்றின் மூலையில் சாவி தைத்திருந்தது. ஒன்றில் சீப்பு. ஒன்றில் குடை. ஒன்றில் ஒரு பல்லி.

அது எதற்கு என்று என் கணவர் கேட்டார். தாய்மாருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, தலையணை மாறிப் போகக் கூடாது, தாயின் சேலை வாசனை மாறினால் பிள்ளை அழும் என்றாள். அதனால் ஆளுக்கு ஒரு அடையாளம். அடையாளத்தை அவள்தான் முடிவு செய்வாள். சாவிக்காரனின் அப்பன் பூட்டு ரிப்பேர் செய்பவன். குடைக்காரி பிறந்த அன்று சந்தில் முழங்கால் தண்ணீர். பல்லிக்காரனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் எப்போதும் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பானாம். எனக்குக் கோபத்தில் வந்த மனசுதான், ஆனாலும் அந்த வரிசையைப் பார்த்ததும் அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆறு பேரும் அழாமல் கிடந்தார்கள். என் வீட்டில் ஒருவனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பிள்ளைய இங்க தாங்கம்மா. இந்த வெக்கையில கம்பளித் தொப்பியா? வேர்க்குல்லா" என்று கேட்டு வாங்கி, தொப்பியைக் கழற்றி, மடியில் கிடத்தினாள். வடுவைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்து, கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டு போனாள். கண் மூடியிருந்தது. அப்புறம் அவன் முகத்தை வலப்பக்கம் திருப்பி வைத்தாள். அவன் இடப்பக்கம் திரும்பிக்கொண்டான். மறுபடி திருப்பினாள். மறுபடி அவன் திரும்பினான். மூன்றாம் தடவை அவள் நிமிர்ந்து என்னிடம் கேள்விகள் கேட்டாள். வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம்? அவன் படுக்கைக்கு வலப்பக்கம் என்றேன். நீங்கள் படுப்பது? அதுவும் வலப்பக்கம். இடப்பக்கம் என்ன இருக்கிறது? சுவர்.

"பிள்ள வெளிச்சத்தப் பாக்கும். இல்லேன்னா தாயப் பாக்கும். இவன் எதுக்குச் சொவத்தப் பாக்கான்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அதுவரை தெரியாது. லாத்தா ஆள்காட்டி விரலை வடுவின் ஓரமாக வைத்து, "இத மறைக்கவா?" என்று கேட்டாள். குரலில் கேலியும் இல்லை, இரக்கமும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆயுதம் ஒரு நிமிசந்தான் அமுக்கியிருக்கும். நீங்க மூணு மாசமா அமுக்கிட்டு இருக்கிய."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவிழ்த்த சேலையை என் கணவர்தான் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வழி நெடுக அவரோடு சண்டை. தோல் கிடங்கு மேஸ்திரி பெண்டாட்டிக்கு இவ்வளவு வாயா, இவள் பெரிய டாக்டரா, உங்களால்தான் இந்த அவமானம் என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. இறங்க வேண்டிய கிங்ஸ் சர்க்கிள் வந்ததும் அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அப்புறம், "அவ சொன்னது தப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அன்றிலிருந்து பிள்ளையை வலப்பக்கமாகப் படுக்க வைத்துப் பார்த்தேன். கையை எடுத்த மறுநிமிஷம் சுவரைப் பார்க்கத் திரும்பிவிடுவான். வலப்பக்கம் நானே படுத்துக்கொண்டு கூப்பிட்டேன், கிலுகிலுப்பை ஆட்டினேன். ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான், சிரிப்பான், மறுபடி சுவர். சப்பையாகிப் போன பக்கத்தில்தான் தலைக்கு நிற்க இடம் கிடைக்கிறது என்று அப்புறம் புரிந்தது. நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது.

தலையணை எட்டாம் நாள் வந்தது. சொல்லத்தான் வேண்டும், அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் கண்டதில்லை. என் நீலச் சேலையை இரட்டையாக மடித்து, பொடிப்பொடித் தையலில் ஒரு சாண் நீளத்துக்கு உறை. உள்ளே மெல்லிய மல் துணியில் ஒரு பை, அதில் கடுகு. கடுகை அவள் மூன்று தரம் சலித்து, கூரைத் தகரத்தில் இரண்டு வெயில் காயவைத்து, துணியில் போட்டுத் தேய்த்துத் தூசி எடுத்திருக்கிறாள். நிரப்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் தன் முழங்கையை அதில் ஊன்றிப் பார்த்தாளாம், முழங்கை முனையும் பிள்ளைத் தலையும் ஒன்றுதான் என்று. எல்லாவற்றையும் என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார். இதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. நடுவில் ஒரு மறைத் தையல் ஓட்டி, இடப்பக்கம் கடுகை நன்றாகத் திணித்து மேடாக்கி, வலப்பக்கம் தளர விட்டிருந்தாள். பிள்ளையை வைத்தோம். இடப்பக்கம் திரும்பப் பார்த்தான், மேடு விடவில்லை. தலை தானாக வலப்பக்கம் சரிந்து கடுகில் புதைந்து நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனான்.

அவன் தூங்கின பிறகுதான் தலையணையின் மூலையைப் பார்த்தேன். சிவப்பு நூலில், சங்கிலித் தையலில், ஒரு வளைந்த கோடு. கொத்தவரங்காய் அளவு. என் பிள்ளை முகத்தில் இருந்த அதே வளைவு, அதே நீளம், மேல்முனையில் லேசாகத் திரும்பியது உட்பட. ஒரு தரம் விரல் வைத்ததிலேயே அளவெடுத்துவிட்டாள். மூன்று மாதமாக நான் ஒளித்து வைத்திருந்ததை அவள் சிவப்பு நூலால் தைத்து ஊருக்குக் காட்டியிருந்தாள்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அவர் வேலைக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன். பிள்ளையை எடுத்துக் கீழே விட்டுவிட்டு, நகம் வெட்டுகிற கத்தரியின் முனையை அந்தச் சிவப்புத் தையலில் கொடுத்து இரண்டு கண்ணியை வெட்டினேன். மூன்றாவதை வெட்டும்போது கையில் ஏதோ உருண்டது. அவள் அந்த அடையாளத்தை உறையோடும் உள்பையோடும் சேர்த்துத் தைத்திருந்திருக்கிறாள், நடுத் தையலோடு சேர்ந்து அந்தத் தையலும்தான் இடப்பக்கத்துக் கடுகை மேடாகப் பிடித்து நிறுத்தியிருந்தது. நான் உறையை இழுத்த இழுப்பில் பை வாய் பிளந்து கடுகு கொட்டத் தொடங்கியது. கையால் அடைத்தேன், விரல் இடுக்கில் கொட்டியது. அலமாரிக்கு அடியில், பாய்க்கு அடியில், வாசலைத் தாண்டி மாடிப்படி வரை ஓடியது. எதிர்வீட்டுக் குஜராத்திப் பெண் ஒரு முறத்தோடு வந்து ஒன்றும் கேட்காமல் என்னோடு உட்கார்ந்து அள்ளினாள். இதற்கிடையில் தரையில் கிடந்த என் பிள்ளை சமர்த்தாகச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடுகை ஒரு டப்பாவில் போட்டேன். கிழிந்த உறையைச் சுருட்டினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினேன். தொப்பி போடவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாத்தா என்னைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், கத்தரி பட்ட இடத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வழியே இல்லை. நான்தான் வெட்டினேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, டப்பாவை வாங்கி, கடுகில் கலந்திருந்த தரைத் தூசியைச் சலிக்க உட்கார்ந்துவிட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிள்ளையை மற்றக் குழந்தைகளோடு பாயில் விடச் சொன்னாள். வலது கன்னம் கீழே, வடு மேலே. நான் தடுக்கவில்லை. ஏன் அந்த அடையாளத்தைப் போட்டாள் என்று மட்டும் கேட்டேன்.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "மத்ததுவளுக்கு என்ன அடையாளம் போடன்னு நான் தேடணும். இவனுக்கு முகத்துலயே இருக்கு. வேற என்னத்தத் தேட?" என்றாள்.

அவ்வளவுதான் அவளுக்கு அது. குடை, சீப்பு, பல்லி, வடு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையிடமிருந்து தெரிந்துகொள்ள ஒரு குறி. அதில் நல்லது கெட்டது என்று அவள் தரம் பிரிக்கவே இல்லை. படித்தவள், மாட்டுங்காக்காரி, விழுப்பு பார்க்கிறவள், எனக்கு அந்தப் பார்வை மூன்று மாதத்தில் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பையைத் தனியாக இரட்டைத் தையல் போட்டு மூடினாள். இடப்பக்கத்து மேட்டை மறுபடி திணித்து முழங்கையால் சோதித்தாள். அப்புறம் பிள்ளையின் பக்கத்தில் குனிந்து, முகத்தைப் பார்த்துப் பார்த்து, அதே சிவப்பு நூலில் அந்த வளைவை மறுபடி தைத்தாள். அவள் விரல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

மத்தியானச் சங்கு ஊதியதும் தாய்மார் பால் கொடுக்க ஓடி வந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு அவரவர் அடையாளத்தைப் பார்த்துக் குனிந்து அள்ளிக்கொண்டார்கள். சாவிக்காரனின் தாய் பாலைக் கொடுத்துக்கொண்டே லாத்தாவின் கையில் இருந்த தலையணையைப் பார்த்தாள், என் பிள்ளையைப் பார்த்தாள், "இது இவனோடதா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள். ஐயோ பாவம் என்று ஒருத்தி சொல்லவில்லை. அந்த அறையில் நானும் முந்தானையை விலக்கி என் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். தோல் வாடை அப்போதும் இருந்தது. மூக்கைப் பொத்த ஒரு கை தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அவன் அந்தத் தலையணையில்தான் தூங்கினான். ஈரமானால் கடுகைக் கொட்டிக் காயவைத்து உறையைத் துவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். துவைத்த உறையை ஒரு நாள் நான் உடுத்திய சேலையோடு சுருட்டி வைத்து, என் வாசனை ஏறின பிறகுதான் போடுவேன். வாரத்துக்கு ஒரு தரம் பின்னந்தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துப் பலகையில் லேசாக ஒரு வளைவு வந்தது. எனக்கு அது ஆசையால் வரும் பிரமையோ என்று சந்தேகம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போய் லாத்தாவின் மடியில் கிடத்தினேன். அவள் கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டு, வருது என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருந்தபோது ஒரு காலை வேளையில் தரைத்தளத்து மாமி வந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கை தானாகப் பிள்ளையிடம் போனது. போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் தலையணையில் என்னைப் பார்த்தபடி கிடந்தான், இடது கன்னம் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில். மாமி பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள்.

"என்னடீம்மா, தலை பின்னால ஒரு பக்கம் சப்பையா இருக்கே?" என்றாள்.

நான் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தேன். பிறகு சொன்னேன். பிறவியில் வந்ததில்லை, நான் பண்ணினது என்றேன். நீங்களும் மற்றவர்களும் பார்த்துவிடக் கூடாது என்று மூன்று மாதம் அந்தப் பக்கமே அழுத்திப் படுக்க வைத்தேன், தாராவியில் ஒரு அம்மா கண்டுபிடித்துச் சொன்னாள், அவள் தைத்ததுதான் இந்தத் தலையணை, இப்போது சரியாகிக்கொண்டு வருகிறது, இவருக்கு வேலையும் அங்கே ஒரு தோல் கிடங்கில்தான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மாமி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"எதை நாங்க பார்த்துடுவோம்னு?" என்றாள் கடைசியில்.

"இந்த வடுவை, மாமி."

"எந்த வடு?"

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். இந்தக் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கையை ஊன்றி எழுந்து கீழே போனாள். நாள் ஆக ஆகப் போய்விடும் என்று நர்ஸ் சொன்னது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. நான் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, இடது கன்னம் வெளிச்சத்துக்கு வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அவள் வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.